பிரசங்கபீடத்துக்குக் கையில் எதைக் கொண்டுபோவது?

முழுசாக எழுதிய தாளா, நாலு வரிக் குறிப்பா, வேதாகமம் மட்டுமா? பிரசங்கம் செய்கிற எவரும் சனிக்கிழமை ராத்திரி இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். நான் ஆயர் இல்லை; மாதத்தில் ஓரிரு ஞாயிறு எங்கள் சபையில் செய்தி கொடுக்கிறவன். மூன்று விதமாகவும் செய்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எழுதி வாசிப்பதை நம் சபைகளில் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பார்கள். "ஆவியானவர் நடத்தினால் தாள் எதற்கு?" என்பார்கள். ஆனால் எழுதும்போதுதான் ஓட்டை தெரிகிறது. இரண்டாவது கருத்துக்கும் மூன்றாவதுக்கும் சம்பந்தமே இல்லை என்றால், பேசும்போது குரலை உயர்த்தித் தாண்டிவிடலாம். தாளில் அப்படித் தாண்ட முடியாது. நேரமும் கட்டுக்குள் நிற்கும்: என் கையெழுத்தில் எட்டுப் பக்கம் என்றால் 20 நிமிடம். தாள் இருந்தால் பிரசங்கத்தில் உயிர் இருக்காது என்பதும் உண்மையில்லை. 1741 ஜூலை 8 அன்று அமெரிக்காவின் என்ஃபீல்டு ஊரில் ஜொனத்தன் எட்வர்ட்ஸ் என்ற போதகர் பிரசங்கித்தபோது, ஜனங்கள் கதறிய சத்தத்தில் அவர் பேச்சை நிறுத்தி அமைதியாக இருக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் ஆர்ப்பரித்துப் பேசுகிற ஆள் அல்ல. சின்னத் தாள்களைத் தைத்து, கைக்கடக்கமான புத்தகமாக்கி, அதில் பிரசங்கத்தை எழுதி வைக்கிற பழக்கம் உள்ளவர்.

சரி, அப்படியானால் நாமும் வாசித்துவிடலாமே என்றால், எட்வர்ட்ஸுக்கு இல்லாத ஒரு சிக்கல் நமக்கு இருக்கிறது. தமிழில் எழுதுகிற மொழி வேறு, பேசுகிற மொழி வேறு. தாளைப் பார்த்த உடனே வாய் எழுத்துத் தமிழுக்குப் போய்விடும். லூக்கா 15-இல் இயேசு சொன்ன கதையில், தன் பங்குச் சொத்தை அழித்துவிட்டு இளைய குமாரன் தகப்பனிடம் திரும்பி வருகிற இடத்துக்கு ஒருமுறை இப்படி எழுதிக்கொண்டு போனேன்: "தகப்பனுடைய அன்பானது நிபந்தனையற்றதாகவும், மன்னிக்கும் தன்மையுடையதாகவும் விளங்குகிறது." பிழையே இல்லாத வாக்கியம். வாசித்தபோது ஒரு முகமும் அசையவில்லை. அதே பகுதியை வேறொரு சபையில் பார்க்காமல் சொன்னேன்: "பையன் இன்னும் வாசலுக்கே வரலை. தூரத்துல வர்றான். அதுக்குள்ள அப்பா ஓட ஆரம்பிச்சுட்டார்." பின்வரிசையில் குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த ஒரு தாய் தட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இரண்டு இடத்திலும் சொன்னது ஒரே விஷயம்தான். வேதாகமத் தமிழ் ஏற்கெனவே பழைய தமிழ். அதற்கு விளக்கம் சொல்கிறவரும் தாள் தமிழில் பேசினால், கேட்கிறவருக்குப் பிடித்து ஏற ஒரு படிகூட இருக்காது.

எழுதியதை அப்படியே மனப்பாடம் செய்து ஒப்பிப்பது இதைவிட மோசம். கண் சபையைப் பார்க்கும், மனசு அடுத்த வரியைத் தேடிக்கொண்டிருக்கும்.

அப்புறம், வெறுங்கையோடு ஏறுவது. இதில் கிடைக்கிற சுதந்திரம் பெரியது. சபையின் முகத்தைப் பார்த்துப் பேசலாம், புரியாத இடத்தில் நின்று இன்னொரு தடவை சொல்லலாம். நன்றாக ஊறிய மூத்த ஊழியர்கள் சிலர் இப்படிப் பேசுவதை மணிக்கணக்கில் கேட்டிருக்கிறேன், அலுத்ததே இல்லை. நான் முயன்றபோது நடந்தது வேறு. ஒரு மாலைக் கூட்டத்தில் அதே லூக்கா 15. தம்பிக்கு விருந்து வைத்ததற்குக் கோபித்து வீட்டுக்குள் வர மறுத்த மூத்த குமாரனைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன் என்று ஆரம்பித்தேன். இளையவனிடமே 50 நிமிடம் போய்விட்டது. மூன்று தடவை "கடைசியாக" என்று சொல்லி, மூத்தவனைத் தொடாமலே ஜெபித்து முடித்துவிட்டேன். வெளியே வந்தபோது ஒரு பாட்டி கையைப் பிடித்துக் கேட்டார்: "தம்பி, மூத்தவனைப் பத்திச் சொல்றேன்னு ஆரம்பிச்சியே, அவன் என்னப்பா ஆனான்?" அந்த அம்மா அதற்காகவே அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பதில் வரவில்லை.

இன்னொரு ஆபத்து மெதுவாக வரும். தயாரிக்காமல் ஏறுகிறவர் எந்த வசனத்தை எடுத்தாலும், கொஞ்ச நாளில் தனக்குப் பழகிய அதே பிரசங்கத்துக்குத் திரும்பிவிடுவார். நூல் அறுந்த இடத்தையெல்லாம் "அல்லேலூயா" கொண்டு நிரப்புவார். தேவனைத் துதிக்கிற சொல் இப்படி ஒட்டுப்போடப் பயன்படுவதைக் கேட்கும்போது மனசு வலிக்கிறது.

அதனால் நான் வந்து நின்றிருப்பது நடு வழியில். ஆனால் பாதி தயாரிப்பு போதும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் முழுசாக எழுதிவிடுவேன். மொட்டைமாடியில் நின்று சத்தமாக வாசிப்பேன். வாயில் சிக்குகிற வாக்கியத்தைப் பேச்சாக மாற்றுவேன். சனிக்கிழமை எட்டுப் பக்கத்தையும் மேஜைக்குள் வைத்துவிட்டு, உள்ளங்கை அளவுச் சீட்டு ஒன்றை எழுதுவேன். லூக்கா 15-க்கு இப்போது வைத்திருக்கிற சீட்டில் இருப்பது இவ்வளவுதான்: தூரத்தில் — கண்டது யார்? / ஓடினார் / மூத்தவன், வயல், பாட்டுச் சத்தம் / "அப்பா மூத்தவனைத் தேடியும் வெளியே வந்தார்." கடைசி வரியை மட்டும் முழு வாக்கியமாக எழுதுவேன். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல்தான் பிரசங்கங்கள் நீள்கின்றன.

19-ஆம் நூற்றாண்டில் லண்டனில் பேர்பெற்ற பிரசங்கியாரான ஸ்பர்ஜனும் ஒரு சின்னத் தாளில் குறிப்பெழுதிக்கொண்டுதான் பீடமேறுவார். அவர் பேசுவதைச் சுருக்கெழுத்தாளர்கள் எடுப்பார்கள், அதை அவர் திருத்தி அச்சுக்கு அனுப்புவார். நாம் இன்று புத்தகமாகப் படிப்பது முதலில் வாயிலிருந்து வந்த பேச்சு. அதை மாதிரியாக வைத்து எழுதி வாசிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தாளுக்குப் பதில் டேப்லெட் என்றால் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. திரை அணைந்துபோனால் தேடவேண்டி வரும், அவ்வளவுதான்.

அடக்க ஆராதனைக்கு மட்டும் இந்த முறை எனக்கு உதவாது. அங்கே துக்கத்தில் என் தொண்டையும் அடைக்கும். இறந்தவரின் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயரில் ஒன்று விட்டுப்போனாலும் அந்த வீட்டாருக்கு அது ஆறாத வருத்தம். அன்றைக்கு எல்லாவற்றையும் எழுதி, பெயர்களை வீட்டில் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்து, தாளைப் பீடத்தில் விரித்து வைத்து வாசித்துவிடுகிறேன்.