கூடுவாஞ்சேரியா, திருநின்றவூரா? வாடகைக்கு எந்தப் பக்கம் போவது

சென்னையில் வேலை, ஆனால் சென்னைக்குள் வாடகை கட்டுப்படியாகாது என்ற நிலைக்கு வந்தவர்கள் கடைசியில் ஏதாவது ஒரு ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு வெளியே நகர்கிறார்கள். தெற்கே போனால் தாம்பரம் தாண்டி ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி. மேற்கே போனால் ஆவடி தாண்டி பட்டாபிராம், திருநின்றவூர். நாங்கள் இரண்டிலும் குடியிருந்துவிட்டோம். கூடுவாஞ்சேரியில் நான்கு வருடம், இப்போது திருநின்றவூரில் மூன்றாவது வருடம். எனக்கு வேலை கிண்டியில், கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில். ஆகவே எந்த ஊரில் இருந்தாலும் எங்கள் இருவரில் ஒருவருக்குப் பாடுதான். அதனாலேயே இரண்டு ஊரையும் நன்றாக அளந்து பார்த்திருக்கிறோம் என்று நினைக்கிறேன்.

முதலில் வாடகை. கூடுவாஞ்சேரியில் ஸ்டேஷனிலிருந்து இருபது நிமிட நடையில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 11,500 கொடுத்தோம். திருநின்றவூரில் அதே அளவு வீடு, கொஞ்சம் பெரிய சமையலறையோடு, 9,500. இந்த இரண்டாயிரத்தைப் பார்த்துத்தான் பலர் முடிவெடுக்கிறார்கள். அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஸ்டேஷனிலிருந்து வீடு தள்ளி இருந்தால் காலையும் மாலையும் ஷேர் ஆட்டோவுக்கே அந்தக் காசு போய்விடும்.

தெற்கே வாடகை ஏறியதற்குக் காரணங்கள் உண்டு. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபிறகு ஊரப்பாக்கம், வண்டலூர் பக்கம் தேவை கூடியது. பொத்தேரியில் பெரிய பல்கலைக்கழகம் இருப்பதால் மாணவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து வீடு எடுக்கிறார்கள். ஐந்து பேர் பங்கு போட்டுத் தரும் வாடகையை ஒரு குடும்பம் தனியாகத் தர முடியாது. மறைமலைநகர் தொழிற்பேட்டை, பரனூர் மகிந்திரா சிட்டி என்று வேலை இடங்களும் அதே வரிசையில் உள்ளன. மேற்கே இப்போதுதான் அந்தக் காற்று வீசத் தொடங்குகிறது. பட்டாபிராமில் 2024 நவம்பரில் டைடல் பார்க் திறந்தார்கள். திருநின்றவூர் வாடகையும் இப்படியே நிற்காது.

இனி ரயில். மேற்கு, தெற்கு இரண்டிலும் சீசன் டிக்கெட் மாதத்துக்குச் சில நூறு ரூபாய்தான், அதில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் எல்லாம் ரயில் எங்கே போய் நிற்கிறது என்பதில்தான். தெற்குப் பாதை கிண்டி, சைதாப்பேட்டை, மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், எழும்பூர் என்று நகரத்தின் முதுகெலும்பு மாதிரி ஓடிக் கடற்கரையில் முடிகிறது. அலுவலகம் இவற்றில் எதன் பக்கத்தில் இருந்தாலும் ஒரே வண்டியில் போய்விடலாம். கூடுவாஞ்சேரியிலிருந்து கிண்டிக்கு எனக்கு முக்கால் மணி நேரம். மேற்குப் பாதை வில்லிவாக்கம், பெரம்பூர் வழியாக சென்ட்ரலுக்குப் போகிறது. அம்பத்தூர் எஸ்டேட், பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை, ஆவடி டாங்கித் தொழிற்சாலை, பாரிமுனை ஆகிய இடங்களில் வேலை செய்பவர்களுக்கு இதைவிட நல்ல பாதை கிடையாது. கிண்டிக்கோ தி.நகருக்கோ போக வேண்டுமானால் சென்ட்ரலில் இறங்கி, சாலையைக் கடந்து பார்க் ஸ்டேஷனில் இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும், அல்லது மெட்ரோ ஏற வேண்டும். வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல் வரை இப்போது எனக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. திரும்பவும் அதே இரண்டு மணி நேரம்.

இரண்டு ஊருக்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு. தெற்கே பாதி வண்டிகள் தாம்பரத்தோடு திரும்பிவிடும், மேற்கே ஆவடியோடு. 'பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி' என்று தரகர் சொல்வது தாம்பரத்துக்கும் ஆவடிக்கும் பொருந்தும், அதைத் தாண்டிய ஊர்களுக்குப் பொருந்தாது. இரவு ஒன்பதரைக்கு மேல் ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று பாருங்கள். பெண்களுக்கு இது மிக முக்கியம். கூடுவாஞ்சேரியில் இறங்கினால் ஜி.எஸ்.டி. சாலை (தெற்கே போகும் நெடுஞ்சாலை) பக்கம் இரவு பதினொரு மணிக்கும் கடையும் வெளிச்சமும் இருக்கும். திருநின்றவூரில் ஸ்டேஷன் வாசல் வரை பயமில்லை. உள்ளே புதிதாக முளைத்த நகர்களில் தெருவிளக்கு விட்டுவிட்டுத்தான் எரியும். என் கணவர் வண்டியோடு வந்து நிற்பதால் சமாளிக்கிறேன். தனியாக இருக்கும் பெண் என்னிடம் கேட்டால் தயங்காமல் கூடுவாஞ்சேரி என்றுதான் சொல்வேன்.

தண்ணீரில் தராசு மறுபக்கம் சாய்கிறது. கூடுவாஞ்சேரி வீட்டில் ஆழ்துளைக் கிணறு இருந்தது, ஆனால் உப்புத் தண்ணீர். குழாய்களில் வெள்ளையாகப் படிந்துகொண்டே இருக்கும், துணி மொறமொறவென்று நிற்கும். சித்திரை, வைகாசியில் அதுவும் குறைந்து, ஐந்து வீட்டுக்காரர்களும் காசு போட்டு லாரித் தண்ணீர் இறக்கினோம். குடிக்கக் கேன் தண்ணீர் தனி. திருநின்றவூர் வீட்டில் இதுவரை லாரி வந்ததில்லை, பருப்பு நன்றாக வேகிறது. ஊர் முழுக்க இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன், தெருவுக்குத் தெரு மாறும். வீடு பார்க்கப் போகும்போது குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்துப் பாருங்கள். அடுத்த வீட்டு அக்காவிடம் மே மாதம் எப்படி என்று கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டுப் பயனில்லை.

மழைத் தண்ணீர் விஷயத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. இரண்டுமே ஏரிகளின் ஊர். கூடுவாஞ்சேரிக்கு அருகே ஆதனூர் பக்கத்துத் தண்ணீர் அடையாற்றுக்குப் போகிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். திருநின்றவூரிலும் பெரிய ஏரியை ஒட்டிப் போட்ட மனைகளில் ஏரி நிறைந்தால் தண்ணீர் நிற்கும். ஊர்ப் பெயரை வைத்துப் பயப்படுவதைவிடத் தெருவின் மட்டத்தைப் பாருங்கள். சாலையை மேலே மேலே போட்டதில் வாசல் பள்ளமாகிப் போன வீடுகள் இரண்டு ஊரிலும் நிறைய. மதில் சுவரில் பழைய தண்ணீர்க் கறை தெரியும். புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தால் பக்கத்து வீட்டு மதிலைப் பாருங்கள்.

சொந்த ஊர் எந்தத் திசை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இதை யாரும் சொல்வதில்லை. நாங்கள் விருதுநகர் பக்கம். கூடுவாஞ்சேரியில் இருந்தபோது பொங்கலுக்குப் போவது அவ்வளவு சுலபமாக இருந்தது, கிளாம்பாக்கம் பக்கத்தில்தான். இப்போது பெட்டியோடும் குழந்தையோடும் நகரத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. வேலூர், அரக்கோணம், திருப்பதி பக்கத்துக்காரர்களுக்கு இது அப்படியே தலைகீழ்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த இரண்டு ஊரும் ஒரே சாலையின் இரு முனைகள் மாதிரி. கூடுவாஞ்சேரிப் பக்கத்து வண்டலூரிலிருந்து திருநின்றவூர்ப் பக்கத்து நெமிலிச்சேரி வரை வெளிவட்டச் சாலை சுமார் 30 கிலோமீட்டர். நாங்கள் குட்டியானையில் சாமான் ஏற்றி வந்தது அந்த வழியாகத்தான். கணவர் கூடுவாஞ்சேரியில் இருந்தபோது பைக்கில் தினமும் அதே சாலையில் அம்பத்தூர் போய்வந்தார். ஒரு மழைக்காலத்தில் லாரி பக்கத்தில் சறுக்கி விழுந்தார். பெரிய அடி இல்லை. ஆனால் அன்று இரவுதான் வீடு மாற்றுவது என்று முடிவு செய்தோம். ரயிலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து போவது எனக்குப் பரவாயில்லை, அவர் அந்தச் சாலையில் போவதுதான் தாங்கவில்லை.

அட்வான்ஸ், கரண்ட் விஷயத்தில் ஊர் எதுவானாலும் கவனம் தேவை. 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. நடைமுறையில் ஐந்து, ஆறு, பத்து மாதம் என்று கேட்கிறார்கள். பேசிப் பாருங்கள், இறங்கி வருகிறார்கள். உங்கள் வீட்டுக்குத் தனி மின் இணைப்பு இருக்கிறதா என்பது அதைவிட முக்கியம். இருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கு வரும். உள் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் வீட்டில் அது வராது. எங்கள் பழைய வீட்டில் யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் கொடுத்தோம், காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையையும் பிடித்துக்கொண்டார்கள். இதையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

திருநின்றவூரை எனக்குப் பிடித்துப்போனதற்கு வேறொரு காரணமும் உண்டு. பூசலார் நாயனார் ஊர் இது. கோயில் கட்டக் கையில் காசில்லாமல் மனதுக்குள்ளேயே கல் அடுக்கிக் கோபுரம் எழுப்பியவர். இருதயாலீசுவரர் கோயிலுக்குப் போகும்போதெல்லாம், சொந்த வீட்டை மனதுக்குள் கட்டிக்கொண்டிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது பொருத்தமான ஊர் என்று தோன்றும்.

சரி, எந்த ஊர்? வேலை கிண்டி, மாம்பலம், எழும்பூர் என்றால் வாடகை கூடினாலும் கூடுவாஞ்சேரிக்கே போங்கள். தினமும் மிச்சமாகும் ஒரு மணி நேரத்துக்கு இரண்டாயிரம் ரூபாய் அதிகமில்லை. அம்பத்தூர், ஆவடி, பெரம்பூர், பாரிமுனை என்றால் திருநின்றவூர். கணவன் மனைவி இருவருக்கும் எதிரெதிர்த் திசை என்றால், யார் ரயிலில் போக முடியும், யார் சாலையில் போயாக வேண்டும் என்று பாருங்கள். சாலையில் போகிறவருக்குப் பக்கமாக வீடு எடுங்கள்.

வீடு பார்ப்பதை ஐப்பசி, கார்த்திகையில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய வீட்டை நாங்கள் பார்த்தது நவம்பரில், விடாமல் மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. மூலைக் கடையில் டீ குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பிப் போனோம். வடிந்திருந்தது. அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தோம்.