33 யூரோ பாலிசியும் 140 யூரோ அட்டையும்: ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு

மண்டபத்தில் சின்னதாக ஒரு மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். தம்பி ஜெர்மனியில் கெம்னிட்ஸ் என்ற ஊரில் எம்.எஸ். படிக்கிறான். அவனுக்காக இரண்டு இன்சூரன்ஸ் வாங்கினோம், ஒன்று ஏமாற்றம், இன்னொன்று விலை கூடுதல் ஆனால் வேலை செய்கிறது. இரண்டையும் பற்றி எழுதச் சொல்லி நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் மொத்தமாக இங்கே.

முதலில் அந்த 33 யூரோ பாலிசி. ராமநாதபுரத்தில் ஒரு கன்சல்டன்சி மூலமாகத்தான் எல்லாம் செய்தோம் (பெயர் வேண்டாம், சண்டை போட எனக்கு நேரமில்லை). அட்மிஷன், ஏபிஎஸ் சான்றிதழ் (நம்ம ஊர் மார்க் ஷீட், டிகிரியைச் சரிபார்த்து ஜெர்மனிக்காரர்கள் தருவது), பிளாக்டு அக்கவுண்ட் (அங்கே செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டு மாதாமாதம் மட்டும் எடுக்கிற கணக்கு) வரைக்கும் அவர்கள் வேலையில் குறை சொல்ல மாட்டேன். மே மாதம் விசா ஃபைல் போடும்போது இன்சூரன்ஸையும் சேர்த்து ஒரு பேக்கேஜாகக் கொடுத்தார்கள். மாதம் 33 யூரோ, ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டிவிடுங்கள் என்றார்கள். மே என்றால் எங்கள் பக்கத்தில் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அப்பா கரையில் வலை பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார், வீட்டில் வரவே கிடையாது. இருந்த வளையலை அடகு வைத்துக் கட்டினோம்.

அப்பாவுக்கு இதில் ஒரு சந்தேகம். "ஏத்தா, நம்ம வீட்லதான் காப்பீட்டு அட்டை கெடக்குல்ல, அத எடுத்துட்டுப் போகச் சொல்லு, எதுக்குத் தெண்டமா?" முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்து அட்டையைச் சொல்கிறார். வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கும், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில் மட்டும். அவர் பார்வையில் இன்சூரன்ஸ் என்றால் அதுதான்: காட்டினால் வைத்தியம் நடக்கணும். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி கடையை அடைக்கும் நேரத்தில் அந்த பாலிசி பேப்பரை எடுத்துப் படித்தேன், மாத்திரை அட்டையில் பொடி எழுத்தைப் படித்துப் பழகின கண்ணுக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை. பதினோராவது பக்கத்தில் இருந்தது: ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கும் அவற்றால் வரும் சிகிச்சைகளுக்கும் பணம் தரமாட்டார்கள். என் தம்பிக்கு ஐந்து வயதிலிருந்து வீசிங். வாடைக் காற்று தொடங்கினால் அவனுக்கு இளைப்பும் தொடங்கிவிடும். அவனை மைனஸில் போகிற குளிருக்கு அனுப்புகிறோம், அவனுக்கு எது வரும் என்று தெரியுமோ அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் காப்பீடு. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "கண்ணி பெருத்த வலைத்தா. இழுத்தா பாசிதான் வரும்" என்றார்.

கன்சல்டன்சிக்கு போன் போட்டேன். "அக்கா, எல்லாம் ஒரே இன்சூரன்ஸ்தான், கவர்ன்மென்ட்டுது எதுக்கு, இது சீப்பு, விசாவுக்குப் போதும்" என்றது அந்தப் பெண். விசாவுக்குப் போதும் என்பது உண்மைதான், அதில் பொய்யில்லை. விசாவுக்குப் பிறகு என்ன ஆகும் என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை, கீழக்கரைப் பையன் ஒருவன் அங்கே ஏற்கெனவே படிக்கிறான், அவனிடம் வாட்ஸ்அப்பில் கேட்டுத்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். அதை இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் போவதும் மிச்சமாவதும் இந்த இடத்தில்தான்.

ஜெர்மனியில் பல்கலைக்கழகத்தில் சேரும் 30 வயதுக்கு உட்பட்ட மாணவர் பொதுக் காப்பீட்டில் இருக்க வேண்டும் என்பது சட்டம். டிகே, ஏஓகே, பார்மர், டிஏகே எல்லாம் இந்தப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள். நீங்கள் சேரும்போது இவற்றில் ஒன்று உங்கள் காப்பீட்டு நிலையைப் பல்கலைக்கழகத்துக்கு நேரடியாகக் கம்ப்யூட்டர் வழியாக அனுப்பணும், எம்10 என்று அதற்குப் பெயர், 2022 முதல் இந்த முறைதான். பேப்பரைக் கையில் கொண்டு போய்க் காட்டுகிற வேலை இல்லை. அந்த 33 யூரோ மாதிரி தனியார் பாலிசி வைத்திருந்தாலும் அந்த எம்10 பொதுக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்துதான் போகணும், "இவருக்குப் பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்கு" என்று. அந்த விலக்கில்தான் ஆபத்து. முதல் மூன்று மாதத்துக்குள் கேட்டு வாங்கலாம், வாங்கிவிட்டால் படிப்பு முடிகிற வரைக்கும் திரும்பப் பொதுக் காப்பீட்டுக்குள் மாணவராக வரமுடியாது. 33 யூரோவுக்கு ஆசைப்பட்டு விலக்கு வாங்கி, ஆறாவது மாதம் ஒரு பெரிய நோய் வந்தால் அழுதாலும் கதவு திறக்காது.

ஆனால் பொதுக் காப்பீடு நீங்கள் விமானத்தை விட்டு இறங்கின அன்றைக்கே தொடங்காது. செமஸ்டர் அக்டோபர் 1-க்குத் தொடங்குகிறது, தம்பி செப்டம்பர் நடுவில் போனான், அந்த இரண்டு வாரத்துக்குப் பயணக் காப்பீடு வேண்டும். அதற்கு மட்டும் ஒரு சின்ன பாலிசி தனியாக எடுத்தோம், அந்த ஒரு வருட பாலிசியை ரத்து செய்யச் சொன்னோம். ரத்து செய்தார்கள், ஆனால் சர்வீஸ் சார்ஜ் என்று 4,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் தர ஏழு வாரம் ஆக்கினார்கள், அடகுக் கடை வட்டி ஏழு வாரத்துக்கு யார் கட்டுவது? கேட்டால் "கம்பெனிதான் லேட் பண்றாங்க அக்கா". இதற்குத்தான் கன்சல்டன்சிக்கு ஒரே ஒரு ஸ்டார்.

இப்போது அந்தப் பொதுக் காப்பீடு. எந்த நிறுவனம் என்று சொல்லவில்லை. சட்டப்படி தரவேண்டிய வைத்தியம் எல்லாரிடமும் ஏறக்குறைய ஒன்றுதான், கூடுதல் கட்டணத்திலும் சில்லறைச் சலுகைகளிலும்தான் வித்தியாசம். மாதம் சுமார் 140 யூரோ, நம்ம ஊர்க் கணக்கில் 13,000 ரூபாய்க்கு மேல். பிளாக்டு அக்கவுண்டில் இருந்து மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும் (வருடத்துக்கு 11,904), அதில் இது முதலில் போய்விடும், மிச்சத்தில் வாடகையும் சோறும். வலிக்கத்தான் செய்கிறது. இதில் இன்னொரு கூத்து, 23 வயது முடிந்து பிள்ளை இல்லாதவர்கள் இதோடு சேர்த்துக் கட்டுகிற நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கட்டணும். கல்யாணமே ஆகாதவனுக்கு அது எப்படி என்று அம்மா இன்றுவரை கேட்கிறாள்.

ஜனவரியில் தம்பிக்கு இளைப்பு வந்துவிட்டது. ராத்திரி பேசவே முடியவில்லை, வீடியோ காலில் அவன் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நான் பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், என் கடையில் அலமாரி நிறைய இன்ஹேலர். 116117 என்று ஒரு நம்பர் இருக்கிறது, டாக்டர்கள் மூடின நேரத்தில், உயிருக்கு ஆபத்தில்லாத ஆனால் காலை வரை காத்திருக்க முடியாத வைத்தியத்துக்கு. உயிர்போகிற அவசரம் என்றால் 112. அந்த முதல் நம்பருக்கு அடித்து வழி கேட்டுப் போனான். பொதுக் காப்பீட்டு அட்டையைச் செருகினார்கள், நெபுலைசர் வைத்தார்கள், பில் என்று ஒரு தாள்கூட வரவில்லை. மறுநாள் வீட்டுப் பக்கத்து ஹவுஸ்ஆர்ஸ்ட், அதாவது குடும்ப டாக்டர், இன்ஹேலர் எழுதிக்கொடுத்தார். எழுதிக்கொடுத்தார் என்றால் தாளில் இல்லை, மருந்துக் கடையில் அதே அட்டையைச் செருகினால் சீட்டு திரையில் வந்து நிற்கிறது. டாக்டர் கையெழுத்தை உற்று உற்றுப் பார்த்தே கண்ணாடி போட்டவள் நான், எனக்குப் பொறாமையாக இருந்தது. அவன் கொடுத்தது 5 யூரோ. மருந்து விலையில் பத்தில் ஒரு பங்கு, குறைந்தது 5 அதிகம் 10 யூரோ, அதுதான் நோயாளியின் பங்கு. உண்மையைச் சொன்னால் அதே மருந்து என் கடையில் அதைவிட மலிவு. ஆனால் அந்த ராத்திரி வைத்தியத்துக்கு அங்கே கையிலிருந்து கட்டியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று நான் கணக்குப் போடவே இல்லை. ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளுக்கு 10 யூரோ, அதுவும் வருடத்தில் 28 நாளுக்கு மட்டும்தான்.

குறைகள் இருக்கின்றன. கடிதம் எல்லாம் ஜெர்மன் மொழியில் வருகிறது, தம்பி போனில் படம் எடுத்து மொழிபெயர்த்துத்தான் படிக்கிறான். தோல் டாக்டரைப் பார்க்க இரண்டு மாதம் கழித்துத்தான் நேரம் கிடைத்தது. கண்ணாடிக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடையாது, பல்லுக்குக் கொஞ்சம்தான், போவதற்கு முன்னால் இங்கேயே பல்லை அடைத்துக்கொண்டு போங்கள். இரண்டு மாதத்துக் கட்டணம் பாக்கி விழுந்தால் அவசர வைத்தியம் தவிர மற்றதை நிறுத்திவிடுவார்கள், அதனால் அக்கவுண்டில் எப்போதும் அந்தப் பணம் கிடக்கட்டும். 30 வயது தாண்டினால் மாணவர் கட்டணம் இல்லை, அவர்கள் கதை வேறு.

மற்ற நாட்டுக்குப் போகிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சித்தப்பா மகன் லண்டனுக்குப் போனான், அங்கே விசாவோடு சேர்த்து வருடத்துக்கு 776 பவுண்டு மொத்தமாக முன்கூட்டியே, அவனுடைய ஒன்றரை வருடத்துக்கு 1,164. அதன்பிறகு அங்கே அரசு டாக்டரைப் பார்க்கக் காசில்லை. ஆஸ்திரேலியா என்றால் ஓஎஸ்ஹெச்சி என்கிற வெளிநாட்டு மாணவர் மருத்துவக் காப்பீடு, விசா முடிகிற நாள் வரை வாங்கணும், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 12 மாதம் காத்திருக்கணும் என்பதைக் கவனிக்கணும். அமெரிக்காவில் பெரும்பாலும் பல்கலைக்கழகம் என்ன சொல்கிறதோ அதுதான் சட்டம்.

என் மதிப்பெண்: பொதுக் காப்பீட்டுக்கு ஐந்துக்கு நாலு, அந்த ஒன்றைக் குறைத்தது ஜெர்மன் கடிதங்களுக்காக. கன்சல்டன்சியின் ஒரு ஸ்டார் மேலே சொன்னதுதான், அதுகூட அட்மிஷன் வேலைக்கு.

நேற்று தங்கச்சிமடத்திலிருந்து ஒரு பெண் கடைக்கு வந்தாள், வருகிற அக்டோபருக்குப் போகிறாள், ஃபைலை கவுண்டரில் வைத்துவிட்டு "அக்கா, பாத்துச் சொல்லுங்க" என்று போயிருக்கிறாள். அதே கன்சல்டன்சி, அதே 33 யூரோ. நல்லவேளை, பணம் இன்னும் கட்டவில்லை.