ரேடியேட்டர் கார்டு: கல்லைத் தடுக்கிறது, உப்பைக் கட்டி வைக்கிறது

பைக் ரேடியேட்டருக்கு முன்னால் கல் படாமல் மாட்டுகிற இந்தத் தகட்டுக்கு, அதாவது ரேடியேட்டர் கார்டுக்கு, நான் கொடுத்தது 1,450 ரூபாய். இது இல்லாமல் ஓட்டிய காலத்தில் ஒரே ஒரு ஜல்லிக் கல் வைத்த செலவு அதைப்போல ஐந்து மடங்கு, அதனால் வாங்கலாமா வேண்டாமா என்று கேட்கிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், வாங்குங்கள். எதை வாங்குவது, வாங்கிய பிறகு நம்ம கடற்கரையில் அதை வைத்துக்கொண்டு என்ன பாடுபட வேண்டும் என்பதைத்தான் விற்கிறவர்கள் யாரும் சொல்வதில்லை.

என்னுடைய பைக் 400 சிசி, லிக்விட் கூல், அதாவது கூலண்ட் தண்ணீர் ஓடி என்ஜின் சூட்டைத் தணிக்கிற வகை. ரேடியேட்டர் முன் சக்கரத்துக்கு நேர் பின்னால் நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்கும். போன வருடம் தொண்டியிலிருந்து ஈசிஆரில் வரும்போது, தேவிபட்டினத்துக்குக் கொஞ்சம் முன்னால், தார்ப்பாய் போடாமல் ஜல்லி ஏற்றிப்போன டிப்பருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். டிக்கென்று ஒரு சத்தம் கேட்டது, கண்டுகொள்ளவில்லை. ஐந்தாறு கிலோமீட்டர் தாண்டி டெம்பரேச்சர் லைட் எரிந்தது. இறங்கிப் பார்த்தால் என்ஜின் மேல் பச்சையாகக் கூலண்ட் வழிந்து ஆவி பறக்கிறது, கூடவே ஒரு இனிப்பு வாடை.

பக்கத்து டீக்கடை அண்ணன் டப்பாவோடு ஓடி வந்தார். "மஞ்சத்தூள் இருக்கு தம்பி, மூடியைத் திறங்க, போட்டு அடைச்சுருவோம்." லாரிக்காரர்கள் செய்கிற பழைய வைத்தியம்தான். ஆனால் சூட்டோடு மூடியைத் திறந்தால் பிரஷரில் கொதிக்கிற தண்ணீர் முகத்தில் அடிக்கும், அதோடு பைக் ரேடியேட்டரின் குழாய்கள் எல்லாம் மெல்லிசு, தூள் எங்கே போய் அடைக்கும் என்று சொல்ல முடியாது. "ஆறட்டும்ணே" என்று இரண்டு டீ குடித்துவிட்டு, டார்ச் அடித்துத் தேடினேன். கடுகு அளவு ஓட்டை. துடைத்துக் காயவைத்து, எம்-சீல் பிசைந்து அப்பி, ஒரு மணி நேரம் விட்டு, கேன் தண்ணீர் ஊற்றி, பிரஷர் ஏறாமல் இருக்க மூடியை முழுக்க இறுக்காமல் மெதுவாக ராமநாதபுரம் வந்து சேர்ந்தேன். ரேடியேட்டரின் நடுப்பகுதியான கோரையே மாற்ற வேண்டியதாகிவிட்டது.

அந்தச் சூட்டில் ஆன்லைனில் 650 ரூபாய்க்கு ஒரு கம்பி வலை வாங்கினேன். 'ஸ்டீல்' என்று போட்டிருந்தான். வந்தது கறுப்பு பவுடர் கோட்டிங் அடித்த சாதா இரும்பு. கல் பட்ட இடத்தில் எல்லாம் பெயின்ட் உதிர்ந்து, ஐப்பசி மழை முடிவதற்குள் வலை முழுக்கச் செந்துரு, போல்ட் இறுகிப்போய் ஹேக்சா வைத்து அறுத்துத்தான் கழற்றினோம். கடையில் வாங்கினால் ஒரு சின்னக் காந்தம் கொண்டு போங்கள். பச்சக்கென்று ஒட்டினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். 304 ஸ்டெயின்லெஸ் என்றால் ஒட்டாது, வெட்டின விளிம்பில் லேசாக இழுத்தால் பரவாயில்லை.

இப்போது மாட்டியிருப்பது மதுரையில் வாங்கிய 304 தகடு. லேசரில் வெட்டிய தேன்கூட்டு ஓட்டைகள், நாலு போல்ட். கோருக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிற இடைவெளி இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான், ஏனென்றால் கல் பட்டுத் தகடு குழிந்தாலும் பின்னால் கோரில் இருக்கிற ஃபின் (மெல்லிசான அலுமினிய மடிப்பு) மேல் போய் முட்டக்கூடாது. என் தகட்டில் இப்போது மூன்று குழி இருக்கிறது, ஒன்று நன்றாகவே ஆழம், பின்னால் கோரில் ஒரு கீறல் இல்லை. சூடு ஏறுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். மதியம் ராமநாதபுரம் அரண்மனை பக்கம் நெரிசலில் ஃபேன் கொஞ்சம் சீக்கிரம் சுற்ற ஆரம்பிப்பதுபோல் பட்டது. மீட்டரில் டெம்பரேச்சர் காட்டுகிற கட்டை மேலே ஏறவில்லை.

சரி, உப்புக்கு வருவோம். ஆடியில் தனுஷ்கோடி போனேன். 2017-இல் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்டதிலிருந்து சாதா வண்டியிலேயே கடைசி வரை போய்விடலாம், ஆனால் ஆடிக் காற்றில் ஆண்கடல் (மன்னார் வளைகுடா) பக்கமிருந்து மணலும் சாரலும் சேர்ந்து ரோட்டின் குறுக்கே அடிக்கும். வீட்டுக்கு வந்து வெளியே தண்ணீர் அடித்ததோடு விட்டுவிட்டேன். இரண்டு வாரம் கழித்துத் தகட்டைக் கழற்றினால் உள்ளே ஈர மணல், செத்த பூச்சிகள், கடல்பாசித் துணுக்குகூட ஒன்று இருந்தது. கீழ் ஓரத்து ஃபின்கள் பேட்டரி டெர்மினல் மாதிரி வெள்ளையாகப் பூத்துப் போயிருந்தன. கார்டு இல்லாமல் இருந்திருந்தால் அடுத்த மழையிலேயே கழுவிப்போயிருக்கும். அதிலும் ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அரிபடுவது அலுமினியம்தான். அதனால் போல்ட் போடுகிற நாலு இடத்திலும் ரப்பர் புஷ் கட்டாயம், மரையில் கொஞ்சம் கிரீஸ்.

கடற்கரைக்குப் போய் வந்தால் இப்போது அன்றைக்கே கழற்றிவிடுகிறேன். ஆலன் கீ ஒன்று, பத்து நிமிஷம். பின்பக்கமிருந்து மக்கால் நல்ல தண்ணீர் ஊற்றி, பழைய டூத் பிரஷால் மெதுவாகத் தேய்த்தால் போதும். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டே விடாதீர்கள், ஃபின் காகிதம் மாதிரி மடங்கிவிடும்.

அட்டைப்பெட்டியில் 'கிராஷ் புரொடெக்‌ஷன்' என்றும் அச்சடித்திருந்தார்கள். அதே தனுஷ்கோடி ரோட்டில் யூ-டர்ன் அடிக்கும்போது மணலில் வழுக்கி வலது பக்கம் சாய்ந்தேன், நடக்கிற வேகம்தான். வண்டியைத் தாங்கியது கிராஷ் கார்டு. இந்தத் தகட்டின் வலது காது (போல்ட் போடுகிற ஓரம்) உள்ளே மடங்கி ரேடியேட்டரின் பக்கத் தொட்டியையே போய் அழுத்திவிட்டது, இன்னும் அரை இஞ்ச் போயிருந்தால் இதுவே ஓட்டை போட்டிருக்கும். மண்ணில் ஓட்டுகிற டர்ட் பைக்குகளில் ரேடியேட்டரைச் சுற்றித் தடிமனான பிரேஸ் வைத்து ஃபிரேமோடு கட்டியிருப்பார்கள், விழுவதற்கென்று செய்தது அதுதான். தகடு முன்னால் வருகிற கல்லுக்கு மட்டும்.

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் பைக் வைத்திருக்கிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: 450-க்குத்தான் ரேடியேட்டர், பழைய 411-இல் இருப்பது ஆயில் கூலர். அளவு வேறு, பார்த்து ஆர்டர் போடுங்கள்.

ஐந்துக்கு மூன்றரை ஸ்டார். 1,450 ரூபாய்ப் பெட்டிக்குள் ரப்பர் புஷ் கிடையாது, அதை நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஹார்டுவேர் கடையில் நாலும் சேர்த்து இருபது ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன்.