அகப்பையும் அம்மியும் தொங்கும் மரம்: எந்தப் பலகையில் செய்வது?

இந்தக் கிறிஸ்துமசுக்கு எங்கள் தேவாலயம் வைக்கும் நன்கொடை மரத்தின் கருப்பொருள் ‘பாட்டியின் சமையலறை’. தனியாக வாழும் முதியோருக்கு உணவு வழங்க நிதி திரட்டுகிறோம். அதனால் கிளைகளில் அம்மி, முறம், அகப்பை, டிபன் கேரியர். 20 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுப்பவர் ஒன்றைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். 120 பொருள்கள் வேண்டும். நான்கு வழிகளில் மாதிரி செய்து பார்த்தோம்.

லேசரில் வெட்டிய பிளைவுட்தான் எளிது. 3 மில்லிமீட்டர் தடிமன், 8 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டம் சுமார் 10 கிராம்தான். எந்தக் கிளையும் தாங்கும். ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக ஒட்டிய அடுக்குகள் என்பதால் மெல்லிய பகுதியும் சட்டென்று ஒடியாது. ஆனால் விளிம்பு கருகியிருக்கிறது. கரி விரலில் ஒட்டுகிறது, துடைத்தாலும் புகை வாடை போகவில்லை. அதைவிட, 120 அகப்பைகளும் ஒரே அச்சாக இருப்பது என் மனத்துக்கு ஒப்பவில்லை. பாட்டி வீட்டில் இரண்டு அகப்பைகள் ஒன்றுபோல இருந்ததில்லை.

தூங்குமூஞ்சி மரக் கிளையைக் குறுக்காக நறுக்கிய வில்லைகளை உடனே கைவிட்டோம். காயும்போது மரம் சுற்றுவாக்கில் கூடுதலாகச் சுருங்குவதால், நடுவிலிருந்து பட்டை வரை வெடித்துவிட்டன.

மரத்தைச் சுழலவிட்டுச் செதுக்கும் கடைசல் பொருள்களின் அழகே தனி. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி நிறமாகப் படிகிறது. எங்கள் சபையில் ஒரு பாட்டி மாதிரிக் குடத்தைக் கையில் வாங்கியதும் தம் சிறுவயதுக் கூட்டாஞ்சோற்றைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். அந்த ஒரு காட்சிக்காகவே இவை மரத்தில் இருக்க வேண்டும் என்பேன். ஆனால் எடை கூடுதல். 6 சென்டிமீட்டர் முழு உருண்டை 70 கிராமைத் தாண்டும். நுனிக் கிளை தொய்ந்துவிடும். வீவக அடுக்குமாடி வீட்டில் கடைசல் இயந்திரம் வைத்திருப்பவரும் எங்களில் இல்லை. ஊரிலிருந்து வரவழைத்தால் எங்கள் கைவேலை அதில் இருக்காது.

ஆகவே என் தேர்வு, சரக்குப் பெட்டிகளை அடுக்கும் பழைய பேலட்டின் பைன் பலகை. பேலட்டின் பக்கவாட்டில் முத்திரை இருக்கும். ‘எச்.டி.’ (HT) என்றிருந்தால் மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது என்று பொருள், எடுக்கலாம். ‘எம்.பி.’ (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சு வாயு செலுத்தியது, வேண்டவே வேண்டாம். முத்திரை இல்லாததையும் எண்ணெய்க் கறை படிந்ததையும் தள்ளிவிடுங்கள். ஆணி ஒன்றுகூட மிஞ்சாமல் பிடுங்கிய பிறகே ரம்பம் வைக்க வேண்டும்.

6 மில்லிமீட்டருக்கு இழைத்தால் 8 சென்டிமீட்டர் வட்டம் ஏறத்தாழ 15 கிராம். நார் ஓட்டத்தைக் கவனியுங்கள். முதல் அகப்பையின் காம்பை நாருக்குக் குறுக்காக வெட்டிவிட்டோம். ஒரு குழந்தை பிடித்ததுமே ஒடிந்தது. இப்போது காம்பு எப்போதும் நாரின் போக்கில்தான். தச்சு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் கோடு போட்டுத் தர, பிள்ளைகள் உப்புத்தாளால் தேய்க்கிறார்கள். யார் தேய்த்தது என்று விளிம்பைத் தடவினாலே தெரிகிறது.

மேல்பூச்சுக்கு அரக்கு வார்னிஷ் இரண்டு முறை. டிசம்பர் மழை ஈரத்திலும் விரைவில் காய்ந்துவிடும். ஆளி விதை எண்ணெய் நாள்கணக்கில் பிசுபிசுத்தது. அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம் என்பதால், பிள்ளைகள் இருக்கும் இடத்தில் வேண்டாம் என்றும் விட்டேன்.

முறத்தின் பின்னலை மட்டும் கையால் அறுக்க முடியவில்லை. அந்த 15 முறங்களும் லேசருக்குப் போகின்றன. 4 சென்டிமீட்டருக்கு மேற்படாத 12 சொப்புகள், அடித்தண்டை ஒட்டிய கிளைகளுக்கு. மற்ற 93 பொருள்களும் பைன் பலகையில். வரும் சனிக்கிழமை அறுக்கத் தொடங்குகிறோம்.