தலையில் மாட்டும் ஹெட்செட்டா, கை வைக்கும் மணல் மேசையா?

பள்ளியில் ஒரு அறை ஒதுக்கியாகிவிட்டது, விஆர் லேப் (கணினி உருவாக்கும் மெய்நிகர் உலகத்துக்குள் நுழைந்து பாடம் படிக்கும் அறை) போடப்போகிறோம், கண்ணை மூடி மாட்டும் ஹெட்செட் எதை வாங்கலாம் என்று கேட்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அந்த அறையில் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்களா? பிறகு, மணல் மேலேயே படம் விழும் மேசை ஒன்றையும் யோசித்துப் பாருங்கள் என்பேன்.

ஒரு பள்ளியில் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஏழாம் வகுப்பு, எரிமலைப் பாடம். ஹெட்செட் பட்டை இரட்டைப் பின்னலில் சிக்கிக்கொள்ள, ஒரு மாணவி ஒரு கையால் அதைப் பிடித்தபடியே அண்ணாந்து பார்க்கிறாள். "என்னம்மா தெரியுது?" என்கிறார் ஆசிரியை. "சிவப்பா இருக்கு மிஸ்." அவள் எங்கே பார்க்கிறாள், எரிமலை வாயையா, வழியும் குழம்பையா, மிஸ்ஸுக்குத் தெரியாது. அடுத்த கேள்வியை எதை வைத்துக் கேட்பது? பக்கத்தில் இருந்த பையனோ வேறு எங்கோ திரும்பி நின்றிருந்தான்.

ஆசிரியர் பார்ப்பதையே மாணவரும் பார்க்கும்படி கட்டமைக்கலாம், உண்மைதான். கூகுள் 2015இல் தொடங்கிய எக்ஸ்பெடிஷன்ஸ் அதைத்தான் செய்தது. ஆசிரியர் டேப்லெட்டில் ஓர் இடத்தைத் தொட்டால், ஃபோனைச் செருகிய அட்டைப்பெட்டிக் கண்ணாடி வழியாகப் பார்க்கும் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அந்தத் திசையில் அம்புக்குறி காட்டும். நல்ல யோசனை. ஆனால் 2021 ஜூன் மாதத்தோடு கூகுள் அந்தச் செயலியை மூடிவிட்டது. பாடத்திட்டத்தை அதன் மேல் கட்டியவர்கள் அன்றைக்கே நடுத்தெருவுக்கு வந்தார்கள். ஹெட்செட் வாங்கும்போது நாம் வாங்குவது கருவியை மட்டுமே. அதில் ஓடும் பாடம் வேறொருவர் தயவில் இருக்கிறது.

வயதும் எடையும் அடுத்த சிக்கல். ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் ஹெட்செட்டான குவெஸ்ட் 3 அரை கிலோவுக்குச் சற்று மேல், 515 கிராம். பெற்றோர் மேற்பார்வையில் பத்து வயது முதல் பயன்படுத்தலாம் என்று மெட்டா அனுமதித்ததே 2023இல்தான், அதற்கு முன் பதிமூன்று. ஆரம்பப் பள்ளியில் பெரும்பாலான பிள்ளைகள் இதிலேயே கழிந்துவிடுகிறார்கள்.

சரி, கற்றலாவது கூடுகிறதா? கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் கைடோ மக்ரான்ஸ்கி, அமெரிக்காவின் ரிச்சர்ட் மேயர் உள்ளிட்டோர் 2019இல் வெளியிட்ட ஆய்வை நான் எல்லோரிடமும் சொல்வேன். ஆய்வகத்தில் இருப்பதுபோல் பாவனையாகச் சோதனை செய்யும் ஒரே பாடத்தை 52 கல்லூரி மாணவர்களிடம் கணினித் திரையிலும் ஹெட்செட்டிலும் கொடுத்துப் பார்த்தார்கள். ஹெட்செட்டில் 'அங்கேயே இருந்த' உணர்வு கூடியது, கற்றது குறைந்தது. மூளை அலைகளை அளந்தபோது சுமை கூடியிருந்ததும் தெரிந்தது. கண் எல்லாவற்றையும் மேயும்போது மனம் ஒன்றையும் பிடித்துக்கொள்வதில்லை.

இனி மணல் மேசை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆலிவர் கிரைலோஸ் எழுதிய மென்பொருள் அதன் உயிர். ஒரு தொட்டி நிறைய மணல், தலைக்கு மேலே ஒரு கினெக்ட் (தூரத்தை அளக்கும் மைக்ரோசாஃப்ட் கேமரா), ஒரு புரொஜெக்டர், லினக்ஸ் ஓடும் ஒரு கணினி. அவ்வளவுதான். மணலின் மேடு பள்ளத்தைக் கேமரா அளக்க, பள்ளத்துக்கு நீலம், சமவெளிக்குப் பச்சை, உச்சிக்கு வெள்ளை என்று புரொஜெக்டர் நிறம் பூசி, ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகளையும் மணல் மேலேயே வரைகிறது. கையால் குவித்தால் ஓரிரு நொடியில் கோடுகளும் நெருங்குகின்றன. விரல்களை விரித்து மணலுக்கு மேலே நீட்டினால் அந்த இடத்தில் மழை. நீர் சரிவு பார்த்து ஓடுகிறது. நீரோட்டச் சமன்பாடுகளைக் கணினி அந்தந்த நொடியே தீர்த்துக்கொண்டிருப்பதால், அணை கட்டினால் தேங்கும், உடைத்தால் பாயும்.

புவியியல் புத்தகத்தில் சமஉயரக் கோடு என்றால் பிள்ளைகளுக்கு எலுமிச்சை வில்லை மாதிரி ஒரு படம், அவ்வளவே. இங்கே "டேய், கரையை வெட்டாதடா, எங்க ஊருக்குள்ள வருது!" என்று ஒருத்தி கத்துகிறாள். நான்கு கைகள் ஒரே நேரத்தில் மணலுக்குள். யார் எதைப் புரிந்துகொண்டார்கள், யார் இன்னும் தடுமாறுகிறார்கள் என்று ஆசிரியருக்கு எட்டி நின்றே தெரிந்துவிடுகிறது. ஒதுங்கி நிற்கும் பிள்ளையும் பார்த்துக்கொண்டே கற்கிறது. ஹெட்செட் கிடைக்காமல் வரிசையில் நிற்கும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு கிடையாது.

குறை இல்லாமல் இல்லை. கினெக்ட் தயாரிப்பை மைக்ரோசாஃப்ட் 2017இல் நிறுத்திவிட்டது, பழையதைத் தேடித்தான் வாங்க வேண்டும். அறையை இருட்டாக்க வேண்டும். கேமராவையும் புரொஜெக்டரையும் பொருத்தி அளவு சரிபார்க்கப் பொறுமையான ஒரு ஆள் தேவை. மென்பொருள் இலவசம், அதன் மூலநிரலை யாரும் பார்த்துத் திருத்தலாம் என்பதால் அந்த ஆள் இருக்கும்வரை மேசைக்கு ஆயுள் உண்டு.

முக்கியமாக, மணலால் மலையும் ஆறும் சொல்லலாம், உடலின் உயிரணு ஒன்றின் உட்புறத்தைச் சொல்ல முடியாது. அங்கே ஹெட்செட் வெல்கிறது. ஐடிஐயில் வெல்டிங் பழகும் மாணவருக்கும் அதுவே நல்லது. கம்பியும் தகடும் வீணாகாமல், கை சுடாமல், நூறு முறை தப்புச் செய்யலாம். அது தனி ஆள் தனியாகப் பழகும் வேலை, கூட்டம் தேவையில்லை.

சுவர்களே திரையாகும் அறை மூன்றாவது வழி. 1992இல் சிகாகோவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் 'கேவ்' என்ற பெயரில் காட்டியது அதன் முன்னோடி. ஆட்கள் சேர்ந்து நிற்கலாம், ஆனால் படம் ஒருவரின் தலை அசைவைத்தான் பின்தொடரும், மற்றவர்களுக்குக் கோணல். செலவோ பள்ளிக்குக் கட்டுப்படியாகாது.

ஆக, ஆறு முதல் எட்டு வகுப்புக்கு ஒரே அறை, ஒரே பட்ஜெட் என்றால் நான் மணல் மேசைக்குத்தான் கை தூக்குவேன். மீதிப் பணத்தில் உயர்வகுப்புக்கு இரண்டு ஹெட்செட், அது காட்டுவதை அப்படியே எல்லோருக்கும் காட்ட ஒரு பெரிய திரை. மேசை செய்யும் தச்சரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையின் முழங்கால் உள்ளே போகும்படி அடியில் இடம் விட வேண்டும், விளிம்பு அந்தப் பிள்ளையின் மார்புக்கு மேலே போகக் கூடாது.