“வளர வளரச் சரியாகிவிடும்” என்று சொன்னால் நம்பாதீர்கள்

குழந்தைக்கு முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறீர்களா? ஒரு வாரத்தில் மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லாவிட்டால் நீங்களே கேட்டு எடுக்க வையுங்கள். கட்டுக்குள் எலும்பு நகரலாம். குழந்தைகளுக்கு மூன்று நான்கு வாரத்தில் எலும்பு கூடிவிடும், அப்புறம் பிடித்து நேராக்க முடியாது. என் ஆறு வயது மகளுக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் இதைச் செய்யவில்லை. இடது கை கோணலாகவே கூடிவிட்டது.

முதல் நாளே அலட்சியம்தான். வலியில் கையை நீட்டமாட்டாள் என்று பக்கவாட்டுப் படம் ஒன்றை மட்டும் எடுத்து அனுப்பினார்கள். எலும்பு உள்பக்கமாகச் சாய்ந்திருப்பது நேர்ப்படத்தில்தானே தெரியும்? எடுத்த ஒன்றையாவது பார்த்தார்களா என்றால், அதுவும் இல்லை. மேற்கை எலும்பின் முன்விளிம்பையொட்டி ஒரு கோடு இழுத்தால், அது கீழே குண்டுமணிபோல் தெரியும் எலும்பின் நடுவே போக வேண்டும். பிற்பாடு நாங்கள் தேடிப்போன மருத்துவர் அதே படத்தின் மேல் பென்சிலால் இழுத்துக் காட்டினார். கோடு அந்த எலும்பைத் தொடாமலே முன்னால் போனது. ஸ்கேலும் பென்சிலும் போதுமான வேலை!

கட்டைப் பிரித்து வீக்கம் வடிந்ததும், உள்ளங்கை முன்னால் தெரியும்படி இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னோம். வலது முன்கை இயல்பாகச் சற்று வெளியே விலகி நின்றது. இடது முன்கை உடம்பை நோக்கி வளைந்து, முழங்கை வெளியே துருத்திக்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் கேட்டதற்குக் கிடைத்த பதில்தான் தலைப்பில் இருப்பது. முன்பின்னாக இருக்கும் சாய்வு சின்னக் குழந்தைகளுக்கு ஓரளவு நிமிரும். பக்கவாட்டுக் கோணல் அப்படி நிமிராது. மேற்கை எலும்பின் வளர்ச்சியில் ஏறத்தாழ 20 சதவீதம்தான் முழங்கைப் பக்கம் நடக்கிறது. இதைச் சொல்லாமல் எம்.ஆர்.ஐ.க்கு எழுதிக் கொடுத்துப் பணம் பிடுங்கினார்கள். இந்தக் கோணலை அளக்க அது தேவையே இல்லை.

புதிய மருத்துவர் இரண்டு முழங்கைகளையும் நேராக நீட்ட வைத்துச் சாதாரண எக்ஸ்ரே எடுத்தார், நல்ல கையோடு ஒப்பிட்டுக் கோணத்தை அளந்தார். இனி வெளிப்பக்கத்தில் ஆப்பு வடிவத்தில் எலும்பை வெட்டியெடுத்துக் கம்பி வைத்து நேராக்க வேண்டும்.

இன்னொன்று: எக்ஸ்ரே படங்களை அன்றன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். முதல் நாள் படத்தைத் தர எங்களை அலையவிட்டார்கள். எழுத்தில் மனு கொடுத்த பிறகுதான் அலமாரியிலிருந்து எடுத்தார்கள்.