எல்லையின் இரு பக்கமும் அரசுத் தகவல் தேடிய அனுபவம்

எங்களுக்கு வீடும் தோப்பும் கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். எல்லையில் கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டின் பொள்ளாச்சி தாலுகாவில் கொஞ்சம் பாட்டன் பூமியும் இருப்பதால், இரண்டு மாநில அரசுத் தளங்களோடும் பல வருடமாக மல்லுக்கட்டி வருகிறேன்.

நில விஷயத்தில் தமிழ்நாட்டுக்கே என் ஓட்டு. சர்வே எண் தெரிந்தால் பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் தமிழிலேயே பார்க்கலாம், வில்லங்கத்தைப் பதிவுத்துறைத் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். கேரளத்தில் கரம், அதாவது நில வரி, கட்டுவது வீட்டிலிருந்தே முடிகிறது, ஆனால் தண்டப்பேர் எண் (வில்லேஜ் ஆபீஸ் பதிவேட்டில் நம் நிலக் கணக்கின் எண்) கையில் வேண்டும், அதனால் பழைய ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2024இல் வந்த 'என்டெ பூமி' என்ற கேரள அரசுத் தளம் பத்திரப்பதிவு, வருவாய், சர்வே மூன்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவருகிறது, நல்ல யோசனைதான், டிஜிட்டல் சர்வே முடிந்த வில்லேஜ்காரர்களுக்கு.

அரசாணை, அரசிதழ் பக்கம் போனால் பொறுமை வேண்டும். இருக்கிறது, இலவசம்தான், ஆனால் பல கோப்புகள் வெறும் ஸ்கேன் படங்கள், தேடினால் ஒரு சொல்லும் சிக்காது. கணினியில் தமிழைத் தேடிப் படிக்க வசதியான யூனிகோடு எழுத்துமுறைக்கு மாறச் சொல்லி 2010லேயே தமிழ்நாடு அரசு ஆணை போட்டதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்வேன்.

கேரளத்துத் தமிழர்கள் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1969ஆம் வருட ஆட்சிமொழிச் சட்டப்படி, தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் நாம் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில்தான் வரவேண்டும். சும்மா தமிழில் எழுதினால் மலையாளத்தில்தான் பதில் வந்தது. மனுவின் முதல் வரியிலேயே சட்டத்தைக் குறிப்பிட ஆரம்பித்த பிறகு சில தடவை தமிழில் வந்திருக்கிறது.

அப்புறம் தண்ணீர். தமிழ்நாடும் கேரளமும் போட்ட 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி, எல்லையில் ஆற்றுநீரை அளக்கும் மணக்கடவில் வருடத்துக்கு 7.25 டிஎம்சி (நூறு கோடி கன அடி ஒரு டிஎம்சி) கேரளத்துக்கு வரவேண்டும், கணக்கு ஜூலை 1இல் தொடங்கும். எங்கள் ஊர் டீக்கடையில் இதில் ஆளுக்கொரு கணக்கு. மத்திய நீர்வள ஆணையத்தின் வாராந்திர அறிக்கையில் பரம்பிக்குளம், ஆழியாறு, சோலையாறு மூன்றின் இருப்பும் இருக்கிறது, ஆனால் அணையில் எவ்வளவு இருக்கிறது என்பது வேறு, ஆற்றில் எவ்வளவு விட்டார்கள் என்பது வேறு. அதனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்டேன். 30 நாள் கெடு முடியும் நேரத்தில், "கோரிய வடிவில் தகவல் தொகுக்கப்படவில்லை" என்று ஒரு வரி. எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை, எல்லா இடத்திலும் இந்த வரி உண்டு.

அங்கே விட்டுவிடாதீர்கள். சட்டத்தின் 2(ஜே) பிரிவில் பதிவேட்டை நேரில் பார்த்துக் குறிப்பெடுக்கும் உரிமை இருக்கிறது. அடுத்த மனுவில் தகவல் வேண்டும் என்று எழுதாமல், தினசரி நீர் அளவுப் பதிவேட்டைப் பார்வையிட நாள் ஒதுக்குங்கள் என்று எழுதினேன். ஒதுக்கினார்கள். எதற்குங்க இதெல்லாம் என்று அங்கே ஒருவர் கேட்டார், காரணம் சொல்லத் தேவையில்லை என்று 6(2) பிரிவே சொல்கிறது, சிரித்துக்கொண்டே அதைச் சொன்னால் போதும், சண்டை வேண்டாம். பதிவேட்டின் சரியான பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி, அதை அங்கே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது டீக்கடையில் தண்ணீர் விடவே இல்லை என்று யாராவது ஆரம்பித்தால் எந்தத் தேதிக்குச் சொல்கிறீர்கள் என்று நோட்டைப் பிரிக்கிறேன், சிலருக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது.